குமாரி ஐவி மீது நான் எழுதிய நான்கு பக்கப் புகார்

அனுப்புநர்:
திருமதி செகப்பி விஸ்வநாதன்,
எண் 27, லோரோங் மெலூர் 3,
தாமான் டேசா மெலூர், ஜெலாப்பாங்,
ஈப்போ, பேராக்.

பெறுநர்:
திரு. சிவபிரகாசம் அவர்கள்,
வட்டார நிர்வாக அதிகாரி,
கிந்தா உழைப்பாளர் கூட்டுறவுச் சங்கம்,
ஈப்போ.

பொருள்: ஜெலாப்பாங் கிளையின் இரண்டாம் கவுண்டர் ஊழியர் குமாரி ஐவி பெரியநாயகம் மீது 24.2.2026 அன்று நான் கொடுத்த புகாரை ரத்து செய்யக் கோருதல்; அதில் நான் எழுதிய ஒரு பொய்யைத் திருத்துதல்; ‘மூன்றுகட்டுச் சீர்வரிசை இல்லம்’ என்னும் இணையக் கடை மீது புகார் செய்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் மேசைக்கு நான்கு பக்கத்தில் ஒரு புகார் வந்திருக்கும். அதை எழுதியவள் நான்தான். அதில் ஒரு வரி தவிர மற்றதெல்லாம் கோபம். அந்த ஒரு வரி பொய். இந்த மனுவை நன்றியோடு எழுதுகிறேன். நன்றியைப் புகார் மனுவில் எழுதும் வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. புகாரை எடுக்கப் புகார் மனுதான் கொடுக்க வேண்டும் என்று தங்கள் கிளையில் சொன்னார்கள், ஆகவே கொடுக்கிறேன்.

சங்கத்துக்கு மலாயில்தான் எழுத வேண்டும் என்று அறிவேன். என் மகள் மீனு செய்த மலாய் மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். ஆனால் தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து இந்தத் தமிழ்ப் படியையே வாசிக்க வேண்டுகிறேன். மலாய்ப் படியில் நான் மிகவும் நல்லவளாகத் தெரிகிறேன். அது உண்மைக்குப் பொருந்தாது.

1. மீனுவுக்கு வரும் சித்திரையில் ஈப்போவில் திருமணம். எங்கள் நகரத்தார் வழக்கத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்திரம் பண்டங்களைக் கல்யாணக் கூடத்தில் வரிசையாகப் பரப்பி வைப்பது உண்டு. வருகிறவர்கள் பார்ப்பார்கள். பார்த்து எண்ணுவார்கள். எண்ணிவிட்டு ஆயர் தாவார் ஊர்ச் சொந்தக்காரர்கள் வரைக்கும் போன் போட்டுச் சொல்வார்கள். மீனு கோலாலம்பூரில் மருந்தாளராக வேலை பார்க்கிறாள். அவளுக்கு இதெல்லாம் வேண்டாமாம். “அம்மா, நாங்க இருக்கப் போறது பதினாறாவது மாடி, சின்ன வீடு. இந்தக் குடத்தையும் அண்டாவையும் எங்கலா வைப்பேன்? லிஃப்ட்லயா?” என்று கேட்டாள். என் கணவர் விஸ்வநாதனும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு சிரித்தார். நானும் “சரி” என்று சொல்லிவிட்டேன். ஆனால் என் மனம் சரி சொல்லவில்லை. பதினோரு தீபாவளிக்கு மணகோலம், தேன்குழல் பலகாரங்கள் சுட்டு விற்று, தங்கள் சங்கத்தில் நான் தனியாகப் போட்டுவைத்த பணம் பதினோராயிரத்து எண்ணூறு மலேசிய வெள்ளி. யாருக்கும் சொல்லாமல் வாங்கி, கல்யாணத்தன்று பரப்பி, எல்லார் வாயையும் அடைப்பது என்று முடிவு செய்தேன்.

2. மேற்படி கடை என் கைப்பேசியில் தானாக வந்தது. நான் தேடிப் போகவில்லை. முகநூலில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் வந்து நின்றது. பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், வெள்ளி எல்லாம் ஒரே படத்தில், பளபளவென்று. காரைக்குடியிலிருந்து ஈப்போவுக்கு நேரே வருமாம். ‘1962 முதல்’ என்று போட்டிருந்தது. விலை ஊர் விலையில் பாதி. நான் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. விலையைப் பற்றி அல்ல. “ஆச்சி, நீங்க எந்தக் கோயில்?” என்று கேட்டார்கள்.

ஐயா, தாங்கள் எங்கள் சமூகத்தைச் சேர்ந்தவரா என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு ஒன்பது நகரக் கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்தது. முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தால் நாங்கள் முதலில் கேட்பது ஊரும் கோயிலும்தான். ஒரே கோயில் என்றால் பங்காளி. அப்புறம் பேச்சே வேறு. நான் “மாத்தூர்” என்று சொன்னேன். “அட, நாங்களும் மாத்தூர்தான் ஆச்சி! அப்ப நம்ம பங்காளி வீட்டுக் கல்யாணம்ல இது” என்று பதில் வந்தது. அந்த நிமிடத்தோடு என் புத்தி கடையை மூடிக்கொண்டு போய்விட்டது. பணம் போட வேண்டிய கணக்கு சம்பந்தமே இல்லாத ஒரு தனி ஆள் பெயரில் இருந்தது. கேட்டதற்கு “அவர் எங்க கணக்கப்பிள்ளை ஆச்சி” என்றார்கள். செட்டியார் வீட்டுக்குக் கணக்கப்பிள்ளை இருப்பது இயற்கைதானே என்று அதையும் நம்பினேன். மாலை ஐந்து மணிக்குள் கட்டினால் வெள்ளிக் குங்குமச் சிமிழ் இனாம்.

3. 23.2.2026 திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஜெலாப்பாங் கிளைக்குப் போனேன். நோன்பு மாதம் ஆகையால் கவுண்டரைச் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள் என்று வேகமாகப் போனேன். இரண்டாம் கவுண்டரில் குமாரி ஐவி இருந்தார். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். ரப்பர்த் தோட்டத்துக் குடும்பத்துப் பெண் என்று கேள்விப்பட்டிருந்தேன். இன்னும் நிரந்தரம் ஆகாதவர். மொத்தப் பணத்தையும் அனுப்பச் சொன்னதும், எதற்கு என்று மரியாதையாகக் கேட்டார். கல்யாணச் சாமான் என்றேன். கடையைக் காட்டச் சொன்னார். பெருமையாகக் காட்டினேன்.

அவர் கடையின் முகவரியைத் தேடினார்; ‘காரைக்குடி, ஈப்போ’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. 1962 முதல் நடக்கும் கடையின் பக்கம் ஐந்து வாரத்துக்கு முன்புதான் திறக்கப்பட்டிருந்தது. ஆகா ஓகோ என்று பாராட்டி எழுதியவர்கள் எல்லாரும் ஒரே இரண்டு நாளில் எழுதியிருந்தார்கள். கடை எண்ணுக்கு அவரே போன் போட்டார். எடுக்கவில்லை, ஆனால் எனக்கு மட்டும் “கடையில் கூட்டம் ஆச்சி” என்று செய்தி வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, விக்கிற சாமான் புதுசுன்றாங்க. இதுல ஏற்கெனவே யாரோட இனிஷியலோ வெட்டியிருக்கே?” என்று கேட்டார். எங்கள் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது உண்டு. வேறு யாருடைய கல்யாணத்திலோ பரப்பிய சாமானைப் படம் எடுத்திருக்கிறார்கள் என்று நான்தான் முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும். “அது மாதிரிப் படம்” என்று கடைக்காரனுக்காக நான் வாதாடினேன்.

பொருள் வந்த பிறகு பாதிப் பணம் தருவதாகக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். கேட்டேன். “பங்காளிக்குள்ள இப்படியா ஆச்சி? நம்பிக்கை இல்லேன்னா விடுங்க” என்று பதில் வந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாங்கள் ஒரே கோயில், பங்காளி என்று குமாரி ஐவியிடம் விளக்கினேன். காவல்துறையின் இணையத்தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தார். ஒரு புகாரும் இல்லை. “பார்த்தியா?” என்று நான் எகிறினேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “புகார் இல்லன்னா நல்ல கடைன்னு அர்த்தம் இல்ல ஆன்ட்டி. இன்னும் யாரும் ஏமாறல, இல்லேன்னா ஏமாந்தவங்க வெளிய சொல்லல.”

பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார். “கோயில் பேரை முதல்ல சொன்னது அவங்களா, நீங்களா?” என்பது ஒன்று. “வீட்ல யாருக்காச்சும் தெரியுமா?” என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்பதுதான் பதில், அதனால் இன்னும் கோபம் வந்தது. “எங்க கோயிலைப் பத்திக் கேக்க நீ யாரு? தோட்டத்துல இருந்து வந்த பிள்ளை, எனக்குச் சாமான் வாங்கச் சொல்லிக்கொடுக்கிறியா?” என்று கத்தினேன். வரிசையில் நின்ற ஏழு பேரும் கேட்டார்கள். அவர் முகம் சுருங்கியது. இருந்தும், “இன்னிக்கு மட்டும் வேண்டாம்லா ஆன்ட்டி. நாளைக்குக் காலைல வாங்க, அப்பவும் வேணும்னா நானே அனுப்பி விடுறேன்” என்றார். நாற்பது நிமிடம் என்னோடு மல்லுக்கட்டினார். அதற்காகத் தம் கவுண்டரில் அடைப்புப் பலகையை வைத்திருந்தார். அதுதான் அவர் மீறிய விதி.

4. கவுண்டர் அடைக்கும் நேரம் ஆகிவிட, அன்று பணம் அனுப்ப முடியாமல் வீடு திரும்பி, மாலையே உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். என் பணத்தைத் தர மறுத்தார் என்று எழுதினேன். உறுப்பினர்களைக் காக்க வைத்தார் என்று எழுதினேன். அவர் கிறிஸ்தவர் என்பதால், வேற்று மதத்தவர் எங்கள் கோயிலைப் பற்றி விசாரித்தார் என்றும் எழுதினேன். அந்த வரியை இப்போது நினைத்தால் எனக்கே சீ என்று இருக்கிறது. இவ்வளவு எழுதியும் மனம் ஆறாமல், ‘மூத்த உறுப்பினர் என்றும் பாராமல் என்னிடம் குரலை உயர்த்திக் கையை நீட்டிப் பேசினார்’ என்று ஒரு வரி சேர்த்தேன். அது சுத்தப் பொய். மறுநாள் காலை கிளைக்குப் போய்ப் புகாரைக் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வெற்றியோடு வீடு திரும்பினேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவு வந்தது: பணம் அனுப்பவே இல்லை. புகார் கொடுக்கிற மும்முரத்தில் மறந்துவிட்டேன். மத்தியானம் போய்க்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

5. உட்கார்ந்தவள் சும்மா இருக்கவில்லை. தைப்பிங்கில் இருக்கும் என் நாத்தனார் நித்யகல்யாணிக்குப் போன் போட்டேன். சாமான் விஷயத்தை அவளிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஐவியைத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. தைப்பிங்கில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. போனில் அந்தச் சத்தம் கேட்டது. அந்தப் பிள்ளையின் கொழுப்பைக் கேள் என்று ஆரம்பித்து, கோயிலைப் பற்றிக் கேட்டது வரை ஒன்று விடாமல் சொன்னேன். “நம்ம மாத்தூர்க்காரவுக கடையைப் போய்க் கள்ளக் கடைங்கிறா” என்றேன்.  

“அண்ணமிண்டி,” என்றாள் அவள். அண்ணன் மனைவியை எங்களில் அப்படித்தான் அழைப்போம். “அவன் எங்கிட்ட வயிரவன்கோயில்னுல்ல சொன்னான்?”

நித்யகல்யாணி வாழ்க்கைப்பட்ட வீடு வயிரவன்கோயில். அவள் கணவருக்கு வரும் ஆவணியில் அறுபதாம் கல்யாணம். அதற்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வெண்கல விளக்குகள் வேண்டி, அதே கடைக்கு ஒரு மாதம் முன்பே பணம் கட்டியிருக்கிறாள். வந்த பொட்டலத்தில் இரண்டு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டிகள் இருந்தன. கேட்டதும் அவள் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். கணவரிடம் சொல்லவில்லை, அண்ணனிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. “கொடுக்கல் வாங்கல்ல கெட்டிக்கார வீடுன்னு பேரு, நான் போயி எப்படிச் சொல்லுவேன்?” என்று அழுதாள். தொகை எவ்வளவு என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

ஐயா, ஒருவன் மாத்தூராக இருக்கலாம், வயிரவன்கோயிலாக இருக்கலாம். இரண்டாகவும் இருக்க முடியாது. எந்தக் கோயில்காரர் கேட்டாலும் அதே கோயிலைச் சொல்லிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். கோயில் பேரை முதலில் சொன்னது அவன் அல்ல, நான். ஒன்பது கோயிலில் ஒன்றின் பெயர்கூட அறியாத குமாரி ஐவி, நாற்பது நிமிடத்துக்குள் அந்த முடிச்சில் கை வைத்துவிட்டார். எனக்கு அறுபது வயது ஆகப்போகிறது, எனக்குத் தோன்றவில்லை.

6. 25.2.2026 காலையில் புகாரைத் திரும்ப வாங்கக் கிளைக்கு ஓடினேன். அது நேற்றே வட்டார அலுவலகத்துக்குப் போய்விட்டது, வாய்வார்த்தையில் எடுக்க முடியாது என்றார்கள். இரண்டாம் கவுண்டரில் வேறு ஒருவர் இருந்தார். குமாரி ஐவியைப் பின்னறையில் கோப்பு அடுக்கப் போட்டிருந்தார்கள். 16.3.2026 அன்று விசாரணை என்றும், விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் வேலை நிரந்தரம் ஆகாது என்றும் தெரிந்துகொண்டேன். 

என்னைக் கண்டதும் அவர் கோப்புகளைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். நான் எழுதியதை அவர் படித்துவிட்டார் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்பார் என்று நின்றேன். அவர் கேட்டது: “ஆன்ட்டி, பணம் அனுப்பிடலையே?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். “அப்பாடா!” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் வாய்விட்டு அழுதேன் ஐயா. கிளையில் உள்ளவர்கள் சாட்சி.

அன்றுதான் அவர் வீட்டு விவரம் கேட்டேன். அவர் தந்தை திரு. பெரியநாயகம் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது குடும்பத்தோடு ஜெலாப்பாங்குக்கு வந்து, இப்போது ஒரு தொழிற்சாலையில் காவலராக இருக்கிறார். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஐவியின் படிப்புக்கென்று அவர் தாயார் இணையத்தில் ஒரு கைப்பேசி வாங்கினாராம். பெட்டியில் உடைந்த கூரை ஓடுதான் வந்ததாம். அந்த அம்மா எட்டு மாதம் ஒருவரிடமும் சொல்லாமல், போன் இன்னும் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று இவர் என்னைக் கேட்டது எதனால் என்று அப்போதுதான் புரிந்தது. எந்தத் தோட்டத்தைச் சொல்லி நான் அவரை இழிவாகப் பேசினேனோ, அந்தத் தோட்டத்துக் குடும்பம் பட்ட அடிதான் என் பணத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அவருக்கும் அவர் தாயாருக்கும் நான் எழுத்து மூலம் நன்றி தெரிவிக்கிறேன். இது தங்கள் கோப்பில் இருக்கட்டும்.

7. மேற்படி கடையைப் பற்றி: அன்று மாலையே என் கணவரிடமும் மீனுவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது வேறு கதை. மறுநாள் நித்யகல்யாணியைத் தைப்பிங்கிலிருந்து வரவழைத்து, கூடவே போய்க் காவல் நிலையத்தில் புகார் எழுத வைத்தேன். உரையாடல்கள் எதையும் அழிக்காமல் கொடுத்தோம். அந்தக் கணக்கு எண் இனி சுத்தமாக இருக்காது. நாங்கள் சொன்ன பிறகு எங்கள் உறவிலேயே இன்னும் மூன்று பேர் “நானும்தான்” என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் மூன்று கோயில். அந்தக் கடைக்காரனுக்கு இதுவரை ஐந்து கோயில் ஆகிறது. தங்கள் சங்கத்திலிருந்து அந்தக் கணக்குக்கு வேறு யாராவது பணம் அனுப்பியிருந்தால் அவர்களுக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

8. ஆகவே தங்களிடம் நான் கோருவது:

(அ) 24.2.2026 தேதியிட்ட என் புகாரை ரத்து செய்ய வேண்டும். கவுண்டரை நாற்பது நிமிடம் அடைத்தது விதிமீறல்தான் என்றால், அதற்குக் காரணமானவள் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள். வரிசையில் நின்ற ஏழு பேரில் நான்கு பேரைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர்களுக்குக் குமாரி ஐவி மீது வருத்தம் இல்லை. என் மீது கொஞ்சம் இருக்கிறது.

(ஆ) அவர் வேலையை நிரந்தரமாக்கி, இரண்டாம் கவுண்டரிலேயே உட்கார வைக்க வேண்டும். கோப்பு அடுக்க யாராலும் முடியும்.

(இ) அன்று அவர் என்னிடம் கேட்ட கேள்விகளை அவரையே எழுதச் சொல்லி, தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஒவ்வொரு கவுண்டரிலும் ஒட்டி வைக்க வேண்டும். கோயிலைப் பற்றிய கேள்வி எல்லாருக்கும் பொருந்தாது. அதை ‘உங்களைப் பற்றிய விவரத்தை முதலில் சொன்னது யார்?’ என்று மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் யாருக்காவது தெரியுமா என்ற கேள்வியைப் பெரிய எழுத்தில் போடவும்.

மீனுவும் நானும் சென்ற சனிக்கிழமை ஈப்போ கடைத்தெருவுக்குப் போய், கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, அவள் பதினாறாம் மாடிக்குப் பொருந்துகிற மாதிரி மூன்றே பாத்திரம் வாங்கினோம். மூன்றையும் பரப்பத்தான் போகிறேன். எண்ணுகிறவர்கள் எண்ணட்டும். குமாரி ஐவி குடும்பத்தை வீடு தேடிப் போய்த் தாம்பூலம் வைத்து அழைத்துவிட்டேன். இதை லஞ்சமாகக் கருத வேண்டாம்; அவர் விசாரணை எப்படி முடிந்தாலும் அவர்களுக்கு என் வீட்டில் முதல் பந்தி.

கடைசியாக ஒன்று. கிளையில் உள்ள கேமராவில் படம் பதியும், சத்தம் பதியாது என்று சொன்னார்கள். படத்தில் குமாரி ஐவி எழுந்து நிற்பதும் கையை நீட்டுவதும் தெரிகிறதாம். என் புகாரோடு சேர்த்துப் பார்த்தால் அவர் என்னை மிரட்டியது போலவே இருக்கிறதாம். அவர் எழுந்தது, கத்திக் கத்தி எனக்கு இருமல் வந்ததால். கையை நீட்டியது, தம் தண்ணீர்ப் புட்டியை எனக்குக் கொடுக்க. நான் அதை வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டு மறுபடியும் கத்தினேன். அன்று யார் குரல் உயர்ந்தது என்பதை அந்தக் கேமரா சொல்லாது. அவர் சொன்னால் தங்கள் விசாரணைக் குழு நம்பாமல் போகலாம். நான் சொன்னால் நம்ப வேண்டும், ஏனெனில் பொய் சொன்னவளும் நானே. 16ஆம் தேதி காலை எட்டரை மணிக்கே தங்கள் அலுவலக வாசலில் இருப்பேன். கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்பேன். அதற்குள் கோப்பில் உள்ள அந்த வரியை, கீழே நான் கையெழுத்திட்டிருக்கும் விதமாகத் திருத்திக்கொள்ளுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: மலாய் மொழிபெயர்ப்பு, கடையுடன் நடந்த உரையாடலின் படங்கள், நித்யகல்யாணியின் காவல் நிலையப் புகார்ப் படி, சோப்புப் பெட்டி ஒன்று.

இடம்: ஜெலாப்பாங், ஈப்போ
தேதி: 9.3.2026

இப்படிக்கு,
அன்று குரலை உயர்த்தியவர்,

(கையொப்பம்)
செகப்பி விஸ்வநாதன்